என்ன பண்றே? எங்கே போறே?

படித்து முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கிற இளைஞன், நம் ஊரில் காலை பத்து மணிக்குத் தெருவில் நடக்கவே கூடாது. ஆறு மணிக்கு நடந்தால் வாக்கிங். சாயங்காலம் நடந்தால் காற்று வாங்குகிறான். பத்து மணிக்கு நடந்தால் தீர்ந்தது கதை! ரிடையர்டு வாத்தியார், இஸ்திரி வண்டிக்காரர், ரேஷன் கடை க்யூ என்று எதிரில் யார் வந்தாலும் ஒரே கேள்விதான். "ஏன் தம்பி, இப்ப என்ன பண்றே?"

என் மச்சினனுக்கு இந்தக் கேள்வி ஏழு வருடப் பழக்கம். பி.எஸ்ஸி. கணிதம். வயது இருபத்தெட்டு. முதல் வருடம் "பரீட்சை எழுதியிருக்கேன்" என்றான். மூன்றாம் வருடம் "பாத்துக்கிட்டிருக்கேன்" என்றான். இப்போது வாயைத் திறப்பதில்லை. சிரிக்கிறான்.

அவனுக்கும் ஒரு வருமானம் உண்டு, ஸார். தமிழக அரசின் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகை. 2006-இல் ஆரம்பித்த திட்டம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஐந்து வருடம் பொறுமையாகக் காத்திருந்தால் கிடைக்கும். பத்தாவது ஃபெயிலுக்கு மாதம் 200, பாஸுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்கு மேல் போகக் கூடாது. மூன்று வருடம் மட்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாங்க் கணக்கில் விழும்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் வகுத்துப் பார்க்கிற வியாதி உண்டு. மாதம் 600 என்றால் ஒரு நாளைக்கு 20 ரூபாய். ஒரு டீ குடித்துவிட்டு வடையை வேடிக்கை பார்க்கலாம்.

இதே வீட்டில் இன்னொருவரும் வேலையில்லாக் காசு வாங்குகிறார். என் மாமனார்! ஆனால் அவரைப் பார்த்து யாரும் "என்ன பண்றே?" என்று கேட்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மாமனார் வீடு மரக்காணத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் பறக்கிற நீங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள், மேலே ஓலை, நடுவே சதுரம் சதுரமாகப் பாத்திகள். 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். செல்ஃபி எடுக்க அருமையான இடம். வேலை பார்க்கத்தான் அவ்வளவு அருமை இல்லை. விடியும் முன்பே இறங்கினால்தான் வெயிலுக்கு முன் பாதி வேலை ஆகும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைப் பிடுங்கும். காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உப்புத் தண்ணீர் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

உப்பு விளைவது பார்க்கச் சுலபம். உப்பு நீரைத் தேக்கி வெயிலில் சுண்ட வைத்து, அடுத்த தேக்கத்துக்கு மாற்றி, மேலும் சுண்ட வைத்து, கடைசியில் பாத்திக்குள் விடுகிறார்கள். அடர்த்தி சுமார் 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு பூக்க ஆரம்பிக்கும். (அதை அளக்க ஒரு கண்ணாடி மிதவை இருக்கிறது.) ஆனால் ஒரே ஒரு பெரிய மழை போதும். அத்தனையும் திரும்பத் தண்ணீர். அதனால் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பளத்துக்குப் பூட்டு. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதம் வேலை கிடையாது.

அந்த மூன்று மாதத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரப்படும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. 2022 முதல் கைக்கு வருகிறது. மாமனார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மழைக்காசு'. என் கணக்கில் நாளைக்கு 54 ரூபாய் சொச்சம். பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடித் தடைக்கால நிவாரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அதற்கான தொகையை 5,000-லிருந்து 8,000 ஆக்குவதாக 2023-இல் அறிவித்தார்கள். நாளைக்கு 131 ரூபாய்.

இந்த இரண்டையும் வாங்குகிறவர்கள் நிமிர்ந்து வாங்குகிறார்கள். மழை விட்டால் உப்பளம் திறக்கும், தடை முடிந்தால் கடல் திறக்கும் என்று ஊருக்கே தெரியும். பட்டதாரி வாங்குகிற அறுநூறுக்கு மட்டும் எந்தக் கதவு என்றைக்குத் திறக்கும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே மாமனார் சொன்னார். "எனக்கு மழை விட்டா வேலை. உனக்கு எப்படா மழை விடும்?"

மச்சினன் அதற்கும் சிரித்தான்.

போன மார்கழிக் கடைசியில் நாங்கள் போயிருந்தபோது அவனுக்கு விழுப்புரம் போகிற வேலை இருந்தது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை 'எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை' என்று சுய உறுதிமொழி எழுதி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். (உலகத்தில் சந்தேகமே இல்லாமல் அவன் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே பத்திரம்!) திண்டிவனம் போய் பஸ் மாற வேண்டும்.

"மாமா, திண்டிவனம் வரைக்கும் நடந்தே போலாமா?" என்றான்.

"எதுக்குடா? முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கு!"

"பஸ் ஸ்டாண்டுல நின்னா எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. ஆளாளுக்குக் கேப்பாங்க."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்கள் கணக்கில் நானும் பாதி வேலையில்லாதவன்தான். 'பத்திரிகைக்கு எழுதறாரு' என்பதை அக்கம்பக்கத்தில் அவர்கள் சொல்கிற தொனியைக் கேட்டால் உங்களுக்கே என்மேல் பரிதாபம் வரும். ஆனாலும் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு கட்டிக் கொடுத்தார்கள். மச்சினன் ஒரு கண்டிஷன் போட்டான். வழிச்செலவு முழுவதும் அவனுடையது. நான் பையில் கை விடக் கூடாது.

விடிகாலையில் கிளம்பினோம். உப்பளத்தில் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை. வரப்பு எது, பாத்தி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே கண்ணாடி. தெற்கே கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து பருவம் முழுக்கத் தங்கித் தின்கிற பறவைகளுக்கு நாம் சரணாலயம் கட்டுகிறோம். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் நடக்கிற பட்டதாரிக்கு... சரி, விடுங்கள்.

ஊர் எல்லை தாண்டியதும் ஒரு அதிசயம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் எங்கள் முதுகுப் பையைப் பார்த்து நின்றார். மச்சினன் தலை குனிந்தான், அந்தக் கேள்வி வருகிறது என்று. பெரியவர் கேட்டது வேறு. "எங்கே போறீங்க?"

"திண்டிவனம்" என்றான்.

"நடந்தா? அடேங்கப்பா. அந்தப் பக்கமா போங்க, நிழல் இருக்கு."

அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே கேள்வி நான்கு பேரிடமிருந்து. நான்கு தடவையும் பளிச்சென்று பதில் சொன்னான். ஏழு வருடத்தில் அவன் தயங்காமல் பதில் சொன்ன கேள்வியை நான் கேட்டது அன்றுதான். நடக்கிறவனைப் பார்த்தால் நம் ஜனங்களுக்கு 'என்ன பண்றே?' மறந்துபோகிறது. 'எங்கே போறே?' என்று வந்துவிடுகிறது. முதல் கேள்வி ஆளை எடைபோடுகிறது. இரண்டாவது கேட்கும்போதே வழியும் சொல்லிவிடுகிறது.

பிரம்மதேசம் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் பிரம்மதேசங்கள் பல. அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று, செய்யாறு பக்கம் ஒன்று. போஸ்ட்மேன்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அந்தக் காலத்து அரசர்கள் வேதம் ஓதுகிறவர்களுக்கு விட்டுக்கொடுத்த ஊர் பிரம்மதேயம். பெயர் அதன் வழி வந்தது. ஆக, பெயரிலேயே மானியம் இருக்கிற ஊர்!

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கருவாட்டு மணத்தோடு சோற்றுப் பொட்டலத்தை முடித்து, டீ சொன்னோம். மச்சினனின் போன் 'டிங்' என்றது. பார்த்தான். 1,800 ரூபாய். மூன்று மாத உதவித்தொகை, சரியாக பிரம்மதேசத்தில்!

"மாமா, இப்படி ஊர் சுத்திக்கிட்டே இந்தக் காசு வாங்கலாமா? தப்பில்லையா?" என்றான்.

நியாயமான கேள்வி. உலகம் பூராவும் இதற்குச் சட்டம் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே வேலையிழந்தோர் காப்பீடு நடக்கிறது. வாங்குகிறவன் வேலை செய்யும் உடல்நிலையில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் வரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். அங்கே அப்பலாச்சியன் மலைப்பாதை என்று சுமார் 3,500 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று உண்டு. முழுதாக நடக்க ஐந்தாறு மாதம் ஆகும். வேலை போனதும் பையை மாட்டிக்கொண்டு அதில் இறங்கிவிட்டு, காட்டுக்குள்ளிருந்தே 'வேலை தேடுகிறேன்' என்று எழுதிக் காசு வாங்கினால் அது மோசடி. பிடிபட்டால் திருப்பிக் கட்ட வேண்டும். ஜெர்மனியில் கொஞ்சம் தாராளம். முன்கூட்டியே அனுமதி வாங்கினால் வருடத்துக்கு 21 நாள் வெளியூர் போகலாம்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை இங்கிலாந்தில் நடந்தது. ஜாரோ என்ற ஊரில் கப்பல் கட்டும் தளம் மூடி, ஊரே வேலையில்லாமல் நின்றது. 1936 அக்டோபரில் சுமார் 200 பேர் 'எங்களுக்கு வேலை கொடுங்கள்' என்று மனுவை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு நடந்தார்கள். சுமார் 450 கிலோமீட்டர். மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் திரும்பிப் பார்த்தால் உதவித்தொகையில் வெட்டு! காரணம்? நடந்துகொண்டிருந்த நாட்களில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தால் அவர்களால் வந்திருக்க முடியாதாம். வேலையே இல்லாத ஊரில், இல்லாத வேலைக்குத் தயாராக வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்பது குற்றம்.

நம்மூர் விதி அந்த அளவுக்குப் போகவில்லை. வேலையிலோ சுயதொழிலிலோ இருக்கக் கூடாது, ரெகுலர் காலேஜில் படிக்கக் கூடாது. நடக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. "நீ கன்னியாகுமரி வரைக்கும் நடக்கலாம்டா, சட்டம் இடம் கொடுக்குது. இருபது ரூபாய்தான் இடம் கொடுக்காது" என்றேன்.

பக்கத்து பெஞ்சில் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வயது இருக்கும். "அந்த அறுநூறா? நானும் ஒன்றரை வருஷம் வாங்கினேன் பிரதர்" என்றார். இப்போது குரூப் ஃபோர் பாஸ் பண்ணி தாலுகா ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டெண்ட். வேலை கிடைத்ததும் எழுதிக் கொடுத்து நிறுத்தினாராம். "விழுப்புரம் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸுக்குத்தானே போறீங்க? ஃபார்மைக் கொடுத்துட்டு ஓடி வந்துடாதீங்க. அங்கேயே தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கு. டி.என்.பி.எஸ்.ஸி.க்கு ஃப்ரீ கோச்சிங். புஸ்தகம் எடுத்துப் படிக்கலாம். நான் அங்கதான் உருப்பட்டேன். கணக்குல எப்படி?"

"மேத்ஸ்தாங்க படிச்சேன்."

"அப்ப என்ன பிரதர்! எனக்கு அதுலதான் மார்க் போச்சு."

இரண்டு வருடமாக அந்த அலுவலகப் பணத்தை வாங்கிக்கொண்டிருக்கிறவனுக்கு இந்த விஷயம் தெரியாது. வீட்டில், தெருவில், கல்யாண வீட்டில், கேள்வி கேட்ட நூறு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி மாமனாரின் பங்காளி வீட்டுத் திண்ணையில் படுக்கை. இட்லி, சாம்பார், 'இன்னும் ரெண்டு' என்ற மிரட்டல். நடந்து வருகிறவனுக்குச் சோறு போடுவது நம் ரத்தத்தில் இருக்கிறது, ஸார். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். அப்படியும் வழியெல்லாம் ஜனங்கள் சோறு போட்டார்கள்.

திண்ணையில் படுத்தபடி மச்சினனுக்கு ஒரு கதை சொன்னேன். பி.காம். படித்தவனுக்குச் சங்க இலக்கியம் எதற்கு என்று கேட்காதீர்கள். லைப்ரரியில் ஃபேன் அடியில் கிடைத்த புத்தகம் அது! சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி. எழுதிய நத்தத்தனார் மரக்காணத்துக்கு வடக்கே இருக்கிற இடைக்கழிநாட்டுக்காரர். ஒரு பாணன், அதாவது வேலையில்லாத பாட்டுக்காரன், குடும்பத்தோடு நடந்து வருகிறான். எதிரில் இன்னொரு பாணன். நல்லியக்கோடன் என்ற தலைவனிடம் பரிசு வாங்கித் திரும்புகிறவன். 'நீயும் போ. இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இன்னது சாப்பிடக் கொடுப்பார்கள், அவன் இப்படிப்பட்டவன்' என்று சொல்லி அனுப்புகிறான். பாட்டு முழுக்க இதுதான்.

அந்த வழியில் வருகிற எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்கிறார்கள் அறிஞர்கள். கிடங்கில் என்பது திண்டிவனத்தில் இருக்கும் கிடங்கல். எயிற்பட்டினத்தில் பரதவர்கள் கொடுப்பது சுட்ட உலர்ந்த மீனும் கள்ளும். கருவாடு அத்தை கொடுத்துவிட்டார்கள். கள்ளுக்கு அரசு வேறு ஏற்பாடு செய்திருக்கிறது, நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

வழி சொல்கிற பாணன் தன் பழைய கதையையும் மறைக்காமல் சொல்கிறான். வீட்டில் அடுப்பு எரியாத நாள். பசியில் மெலிந்த மனைவி குப்பைக் கீரையைக் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். போட உப்புகூட இல்லை. ஊர் பார்த்தால் பேசுமே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

மச்சினன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "கதவைச் சாத்திட்டா மாமா?" என்றான்.

"ஆமா."

"எங்க வீட்லயும் அம்மா சாத்துவாங்க. ஆறு மணிக்கு மேல வாத்தியார் தெருவுல வருவாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பெருமுக்கல் மலைப்பாறை தெரிய நடந்து, மத்தியானம் தாண்டித் திண்டிவனம் சேர்ந்தோம். என் கால்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தன. மெடிக்கல் ஷாப்பில் களிம்பு, ஹோட்டலில் சாப்பாடு. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் விழுப்புரம். மச்சினன் உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினான். 'வேலை கிடைக்கவில்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கமாக அதோடு திரும்பிவிடுகிறவன் அன்று நகரவில்லை. "ஸார், பயிலும் வட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். கையை நீட்டிக் காட்டினார்கள். இரண்டு வருடமாக அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் பல பேர் ஆபீஸில் இருக்கிறீர்கள். ஒரு காலத்தில் உங்களையும் கேட்டிருப்பார்கள், 'என்ன பண்றே?' என்று. இன்றைக்கு உங்கள் தெருவிலும் ஒருவன் பத்து மணிக்குத் தலை குனிந்து நடப்பான். அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். நீங்கள் எந்தப் பரீட்சை எழுதினீர்கள், எந்தக் கவுண்டரில் நின்றீர்கள், எத்தனை தடவை ஃபெயிலானீர்கள் என்று சொல்லுங்கள். பிரம்மதேசத்து பெஞ்ச்காரர் எடுத்துக்கொண்டது பத்து நிமிஷம். செலவு பூஜ்யம். அவர் டீக்கு மச்சினன்தான் காசு கொடுத்தான்!

ஊர் திரும்பியதும் மச்சினன் என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினான். கணக்கு எழுதியிருந்தான்.

வரவு: உதவித்தொகை 1,800.
செலவு: டீ, வடை, பழம் 140. சாப்பாடு 180. பஸ் 180. களிம்பு (மாமாவுக்கு) 48. பழைய வினாத்தாள் புத்தகம் 250.
மீதி: 1,002.

தினம் விழுப்புரம் போய் வர இந்த மீதி இரண்டு வாரத்துக்குக்கூடத் தாங்காது என்று அவனும் நானும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். மாமனார் எட்டிப் பார்த்தார். மழை விட்டு, உப்பளத்தில் வரப்பு கட்டும் வேலை தொடங்கியிருந்தது. முழங்கால் வரை சேறு. நோட்டை மேலிருந்து கீழாகப் படித்தார்.

"டீக்கு நூத்தி நாப்பதா?" என்றார். அப்புறம், "திங்கக்கிழமை எங்கேடா போறே?"

"விழுப்புரம்ப்பா. கிளாஸ்."

உள்ளே போனார். டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. மச்சினன் நோட்டில் அடுத்த வரி எழுதினான்.

வரவு: அப்பா, மழைக்காசு, 500.